பாகப்பிரிவினை: ஒரு ஹார்ட் டிஸ்க்கின் கதை

இந்த எபிசோடை சோலூர்ல எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி தகரத்து மேல மழை அடிக்கிற சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. நடுவுல ரெண்டு தடவை கரண்ட் போச்சு, அதை எடிட்ல வெட்டியாச்சு. இங்கிருந்து கொஞ்ச தூரத்துல கிளென்மார்கன். அதுக்குக் கீழே மலையடிவாரத்துல சிங்காரா பவர்ஹவுஸ், 1932லிருந்து பைக்காரா தண்ணியில கரண்ட் எடுக்குற இடம். அதுக்கு மேலேயே குடியிருக்கிற நாங்க மெழுகுவர்த்தி வாங்கி வைக்கிறோம். சரி, அது வேற எபிசோட்.

இன்னைக்குப் பேசப்போறது ஒரே ஒரு ஸ்கிரீனைப் பத்தி. லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணிப் பார்த்தவங்களுக்குத் தெரியும். மொழி கேக்கும், கீபோர்டு கேக்கும், நேரம் கேக்கும், எல்லாத்துக்கும் 'அடுத்து' அமுக்கிட்டே போவோம். திடீர்னு டிஸ்க்கை எப்படிப் பிரிக்கணும்னு ஒரு கேள்வி வரும். மொத்தத்தையும் அழிக்கவா? விண்டோஸ் பக்கத்துலேயே போடவா? ஸ்லாஷ் ஹோம் தனியா வேணுமா? ஸ்வாப் எவ்வளவு? அதுவரைக்கும் ஜாலியா இருந்த கை அங்கே நடுங்கும். எனக்கு நடுங்கினதுக்கு ஒரு காரணம் இருக்கு, அதுக்குக் கடைசியில வர்றேன்.

முதல்ல பார்ட்டிஷன்னா என்னன்னு தெளிவாக்கிக்கலாம். நம்ம ஊர்ல இதுக்கு ஏற்கெனவே ஒரு வார்த்தை இருக்கு: பாகப்பிரிவினை. அப்பா பேர்ல இருக்கிற தோட்டத்தை மூணு பசங்க பிரிச்சுக்கிறாங்கன்னு வைங்க. அன்னைக்கு நிலத்துல ஒரு செடியும் நகராது. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ஒரு பத்திரம் பதிவாகும், அவ்வளவுதான். அதுல செக்குபந்தி எழுதியிருக்கும்: வடக்கே யார் நிலம், தெற்கே எந்த ஓடை. ஹார்ட் டிஸ்க்கிலும் இதே கதைதான். டிஸ்க்கின் முதல் செக்டாரில் ஒரு சின்ன அட்டவணை. இந்தப் பாகம் எங்கே ஆரம்பிக்குது, எவ்வளவு நீளம், யாருக்குச் சொந்தம். பார்ட்டிஷனை 'டெலீட்' பண்ணும்போது பெரும்பாலும் இந்தப் பத்திரத்தில் ஒரு வரிதான் அடிபடும். செடி அங்கேயேதான் நிக்கும். இதை மனசுல வச்சுக்கோங்க.

இந்தப் பிரிக்கிற பழக்கம் எங்கிருந்து வந்துச்சு? யூனிக்ஸ்ல பிரிவினை வந்தது திட்டம் போட்டு இல்லை, இடம் பத்தாமல்.

1971. அமெரிக்காவில் பெல் லேப்ஸ். கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைப் பிடிபி-11 என்ற புது மெஷினுக்குக் கொண்டு வருகிறார்கள். அதன் மெமரி 24 கிலோபைட். டிஸ்க் அரை மெகாபைட். நீங்க வாட்ஸ்அப்ல அனுப்புற ஒரு 'குட் மார்னிங்' படம் அந்த டிஸ்க்கில் ஒன்றிரண்டு நின்னா பெருசு. அதை வச்சுக்கிட்டு பேடண்ட் டிபார்ட்மெண்ட் டைப்பிஸ்டுகள் மூணு பேருக்கு வேலை நடத்திக் கொடுத்தார்கள்.

வேகமான சின்ன டிஸ்க்கில் சிஸ்டம் இருந்தது. அடுத்து வாங்கிய கொஞ்சம் பெரிய டிஸ்க்கில் ஆட்களின் சொந்த ஃபைல்கள். அந்த இரண்டாவது டிஸ்க்கைப் பொருத்திய இடத்தின் பெயர்தான் ஸ்லாஷ் யுஎஸ்ஆர், அதாவது யூசர். கென்னுக்கு அதில் ஒரு டைரக்டரி, ரிச்சிக்கு ஒன்று. கொஞ்ச நாளில் முதல் டிஸ்க் நிரம்பி வழிய ஆரம்பித்தது. புதிய புரோகிராம்களை எங்கே வைப்பது? யூசர் டிஸ்க்கில் இடம் இருக்கே, அங்கே ஒரு பின் டைரக்டரி போட்டு வை. ஸ்லாஷ் பின், ஸ்லாஷ் யுஎஸ்ஆர் பின் என்று இரண்டு வந்த கதை இதுதான். மெஷின் எழுந்திருக்கும்போது இரண்டாவது டிஸ்க் இன்னும் பொருத்தப்பட்டிருக்காது இல்லையா? அதனால் அதைப் பொருத்துகிற மவுண்ட் கட்டளை மட்டும் கண்டிப்பா முதல் டிஸ்க்கிலேயே இருக்கணும். சாவியைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டக்கூடாதுன்னு ஒரு விதி, அவ்வளவுதான்.

சில வருஷத்தில் பெரிய டிஸ்க்குகள் வந்துவிட்டன. காரணம் போயிடுச்சு, பிரிவு போகலை. அதுக்குப் புதுசு புதுசா நியாயம் கண்டுபிடிச்சாங்க: இது அத்தியாவசியம், அது அத்தியாவசியம் இல்லை, இது படிக்க மட்டும், அது நெட்வொர்க்கில் பகிர. சொந்த ஃபைல்கள் ஒரு கட்டத்தில் யுஎஸ்ஆரை விட்டே வெளியேறி ஸ்லாஷ் ஹோமுக்குப் போயின. யூசர்னு பேர் வச்ச வீட்டுல யூசர் யாருமே இல்லை! 2012ல் ஃபெடோரா 17 வந்தபோதுதான் அந்த இரண்டு பின்னையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். டெபியன் சேர்த்து முடிக்க இன்னும் பல வருஷம் ஆச்சு. ஒரு அரை மெகாபைட் டிஸ்க்குக்காகப் போட்ட வரப்பை எடுக்க நாற்பது வருஷம்!

இன்ஸ்டாலர் கேக்குற மற்ற கேள்விகளும் இதே ஜாதிதான். ஸ்லாஷ் பூட் தனியா வேணும்னு அண்ணன்மார்கள் சொல்லுவாங்க. ஏன்? பழைய பயாஸால் டிஸ்க்கின் முதல் 1024 சிலிண்டருக்கு அப்பால் படிக்க முடியாது. முதலில் சுமார் 500 எம்பி, பிறகு தந்திரம் பண்ணி 8 ஜிபி, அதுதான் அதன் பார்வை எட்டின தூரம். லைலோ என்ற பூட்லோடரும் பயாஸை நம்பியே இருந்தது. அதனால கெர்னலை டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு சின்னப் பாகத்தில் வைத்தார்கள். ஸ்வாப் ராமைப் போல இரண்டு மடங்குன்னு ஒரு சூத்திரம் இருக்கு. மெமரியில் இருப்பதற்கெல்லாம் ஸ்வாப்பிலும் இடம் ஒதுக்கியே ஆகணும்னு இருந்த பழைய யூனிக்ஸ்களின் காலத்துப் பேச்சு அது. 16 ஜிபி ராம் இருக்கிற லேப்டாப்ல 32 ஜிபி ஸ்வாப் ஒதுக்கி வச்ச சீனியர் ஒருத்தரை எனக்குத் தெரியும். உபுண்டு 2017லேயே தனி ஸ்வாப் பார்ட்டிஷனை விட்டுட்டு ஸ்வாப் ஃபைலுக்கு வந்துடுச்சு. ஸ்லாஷ் வாரைத் தனியா வைக்கிறது மட்டும் சர்வர்ல இன்னும் அர்த்தமுள்ள வேலை. ஏதோ ஒரு புரோகிராம் ராத்திரி முழுக்க லாக் எழுதித் தள்ளினாலும் நிரம்புறது அந்த ஒரு அறைதான், வீடு முழுக்க இல்லை. இதை நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கலை, வேலைக்குச் சேர்ந்த மூணாவது மாசம் காலையில மூணு மணிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்போ பிசி பக்கம். 1983ல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி, 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. கூடவே டாஸ் 2.0. ஒரே டிஸ்க்கை வேற வேற ஆப்பரேட்டிங் சிஸ்டம்கள் பங்கு போட்டுக்கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது. அதற்குத்தான் நான் சொன்ன பத்திரம். முதல் செக்டாரின் 512 பைட்டில் இந்தப் பத்திரத்துக்குக் கிடைத்தது 64 பைட். ஒரு பாகத்துக்கு 16 பைட், ஆக நாலே நாலு பாகம். 10 எம்பிக்கு நாலு பாகம் போதாதா? அன்னைக்குப் போதும். பின்னாடி பத்தாமப் போனப்ப, நாலில் ஒன்றை 'எக்ஸ்டெண்டட்' ஆக்கி அதுக்குள்ள உட்பிரிவுகளைக் கோத்தார்கள். சர்வே நம்பர்ல 142/3, 142/3ஏ, 142/3ஏ1னு போகுமே, அதே மாதிரி. அளவை எழுத 32 பிட்தான் ஒதுக்கியிருந்தாங்க, அதனால 2 டெராபைட்டுக்கு மேல அந்தப் பத்திரத்துல எழுதவே முடியாது. இப்போ உங்க லேப்டாப்ல இருக்கிற ஜிபிடி என்ற அட்டவணை அந்தத் தொல்லைக்கெல்லாம் பிறகு வந்தது. அதில் வழக்கமா 128 பாகத்துக்கு இடம் உண்டு.

ஒவ்வொரு 16 பைட்டிலும் ஒரு பைட், அந்தப் பாகம் யாருடையதுன்னு சொல்லும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸுக்கு ஒரு எண், லினக்ஸுக்கு வேறொரு எண். லினக்ஸ் ரெண்டையும் படிக்கும். அந்தக் காலத்து விண்டோஸ் தன் எண்ணைப் பார்த்தால் கதவைத் திறக்கும். லினக்ஸ் எண்ணைப் பார்த்தால் அங்கே ஏதோ இருக்குன்னு தெரியும், என்ன இருக்குன்னு தெரியாது.

லினக்ஸ் பிறந்ததே ஒரு பார்ட்டிஷன் விபத்துக்குப் பக்கத்துலதான். 1991ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸின் 386 மெஷினில் மினிக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுதின புரோகிராம் மோடத்துக்கு அனுப்ப வேண்டிய டயல் கட்டளைகளை, கை தவறி ஹார்ட் டிஸ்க்குக்கே அனுப்பிவிட்டது. மினிக்ஸ் பார்ட்டிஷன் காலி. மறுபடி மினிக்ஸ் ஏற்றுவதா, இல்லை இதுவரை எழுதினதையே முழுசா ஒரு சிஸ்டமாக்குவதா என்று யோசித்து, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். ஆனாலும் ஆரம்ப லினக்ஸ் மினிக்ஸின் ஃபைல் சிஸ்டத்தையே கடன் வாங்கியிருந்தது. அதில் ஒரு பார்ட்டிஷன் 64 எம்பிக்கு மேல் போகாது, ஃபைல் பெயர் 14 எழுத்துக்கு மேல் போகாது. அதனால் 1992ல் இஎக்ஸ்டி, 1993ல் இஎக்ஸ்டி2. இந்த இஎக்ஸ்டி2, பெர்க்லியில் மெக்கூசிக்கும் கூட்டாளிகளும் எழுதின ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டத்திலிருந்து ஒரு நல்ல புத்தியை எடுத்துக்கொண்டது: பாகத்தின் முழு விவரம் சொல்லும் 'சூப்பர்பிளாக்'கை ஒரே இடத்தில் வைக்காமல், டிஸ்க் நெடுக அங்கங்கே நகல் போட்டு வைப்பது. எனக்கு மெக்கூசிக்கை நேரில் தெரியாது. எங்க பாட்டிக்கும் தெரியாது. ஆனா அந்த நகலுக்கு நாங்க கடன்பட்டிருக்கோம்.

நம்ம ஊருக்கு வருவோம். 2000களில் அசெம்பிள்டு பிசி வாங்கினவங்க வீட்டுல எல்லாம் ஒரு பொன்மொழி இருக்கும்: முக்கியமானதை டி டிரைவ்ல போடு. கடைக்காரர் விண்டோஸ் போட்டுத் தரும்போதே சி, டி, ஈன்னு பிரிச்சுத் தருவார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வைரஸ் வரும், சியை ஃபார்மட் பண்ணுவார், டி பிழைச்சுக்கும். யோசிச்சுப் பாருங்க, இது அப்படியே ஸ்லாஷ் ஹோம்தான்! யூனிக்ஸ் மேனுவலை ஒரு பக்கம்கூடப் புரட்டாத கடைக்காரர்கள், எந்த நேரமும் சாகக்கூடிய சிஸ்டத்தோட வாழ்ந்து வாழ்ந்து, தாங்களாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இந்திய பிசி வரலாறுன்னு யாராவது எழுதினா இந்த டி டிரைவுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

லினக்ஸ் அப்போ பத்திரிகை சிடி வழியாகவும் யூசர் குரூப் அண்ணன்கள் வழியாகவும்தான் பரவிக்கிட்டிருந்தது. சென்னையில் சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ் 2007ல் வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பேசும். பக்கத்துக் கேரளா பள்ளிக்கூடங்களில் லினக்ஸை முழுசா இறக்கியது. தமிழ்நாட்டில் எல்காட்டும் அதே பத்தாண்டில் திறந்த மென்பொருள் பக்கம் திரும்பியது. பிறகு 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று விலையில்லா லேப்டாப் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அந்த லேப்டாப்பில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் பக்கத்துப் பக்கத்துல இருந்தன. அதாவது, ஒரு ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்ற முடிவை அரசாங்கமே எடுத்து, லட்சக்கணக்கான பன்னிரண்டாம் வகுப்புப் பசங்க கையில் கொடுத்தது. இந்தக் கோணத்துல யாரும் அன்னைக்குப் பேசலை. மூடியில இருக்கிற படத்தைப் பத்தித்தான் எல்லாரும் பேசினாங்க.

எங்க அக்காவுக்கு 2012ல் ஒண்ணு கிடைச்சுது. எங்க ஹட்டியிலேயே நாலஞ்சு வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் அந்த லேப்டாப்தான். 320 ஜிபி டிஸ்க். முன்னாடி விண்டோஸ், வால் பக்கம் லினக்ஸ். அதுல தனி ஹோம் எல்லாம் இல்லை, எல்லாம் ஒரே பாகம். பெரும்பாலான பசங்க லினக்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. அக்கா பார்த்தாள், ஒரே ஒரு காரணத்துக்காக. பென்டிரைவ் போட்டா ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆயிடுற வைரஸ் ஞாபகம் இருக்கா? அது லினக்ஸ் பக்கம் செல்லுபடி ஆகாது. அதனால தொலையக்கூடாததை எல்லாம் அவள் அங்கே வச்சாள்.

அப்படி வச்சதுல ஒரு ஃபோல்டர் பாட்டியோடது. எங்க வீட்டுப் பேச்சு படுகு. அதுக்குன்னு எல்லாரும் ஏத்துக்கிட்ட தனி எழுத்து கிடையாது. பாட்டு, கதை, உறவு முறை எல்லாம் வாய்வழிதான். பாட்டிக்குத் தெரிஞ்ச பாட்டு அம்மாவுக்குப் பாதிதான் தெரியும், எனக்கு மெட்டு மட்டும் தெரியும். 2013ல் மழைக்காலம் முழுக்க அக்கா சாயங்காலமானா அடுப்பு பக்கத்துல லேப்டாப்பை வச்சுப் பாட்டியைப் பாடச் சொல்லிப் பதிவு பண்ணினாள். 23 பதிவு. 2015ல் பாட்டி போயிட்டாங்க.

அடுத்த வருஷம் லேப்டாப் ரொம்ப மெதுவாயிடுச்சுன்னு அக்கா ஒரு கடையில கொடுத்தாள். 'டேட்டா பத்திரமா இருக்கணும் அண்ணா'ன்னு சொல்லித்தான் கொடுத்தாள். அந்தக் கடைப் பையன் டி டிரைவை ஒழுங்கா காப்பி எடுத்து வச்சான். அதுக்கப்புறம் விண்டோஸ் இன்ஸ்டாலர்ல பேரே இல்லாம ஒரு பாகம் தெரிஞ்சிருக்கு. சும்மா கிடக்குற இடம்னு நினைச்சு, எல்லாத்தையும் டெலீட் பண்ணி ஒரே பாகமா ஆக்கிட்டான். அவன் மேல எனக்குக் கோவம் இருந்துச்சு, இப்போ இல்லை. அவன் கத்துக்கிட்ட உலகத்துல பேர் இல்லாத டிரைவ்ல யாரும் எதையும் வைக்க மாட்டாங்க.

மூணாவது நாள் கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல இருந்த எனக்கு போன். 'டேய், ஆரம்பத்துல ரெண்டு பேர் வருமே, அந்த மெனு வரவே மாட்டேங்குதுடா.' எனக்கு வயிறு கலங்கிடுச்சு. 'அக்கா, உடனே ஆஃப் பண்ணு. சார்ஜர்கூடப் போடாதே. பஸ்ல எடுத்துட்டு வா'ன்னேன். வீட்டுக்கு நான் போகாததுக்குக் காரணம், பழைய பேட்டரி இருபது நிமிஷம் தாங்காது, மழைக்காலத்து சோலூர் கரண்டை நம்பி அந்த வேலையில இறங்க முடியாது.

முதல் வேலை, மொத்த டிஸ்க்கையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு அப்படியே பைட் பைட்டா நகல் எடுத்தேன். யூஎஸ்பி லைவ் லினக்ஸ்ல பூட் பண்ணி எடுக்க மூன்றரை மணி நேரம். அந்த நகல் மேலதான் டெஸ்ட்டிஸ்க்கை ஓட விட்டேன். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதின இலவச மென்பொருள் அது. அது பத்திரத்தைப் பார்க்காது. நிலத்துல நடந்து போய் பழைய வரப்புத் தடம் ஏதாவது தெரியுதான்னு செக்டார் செக்டாரா தேடும். விண்டோஸ் புதுசா ஏறினது டிஸ்க்கின் முன்பக்கம். குவிக் ஃபார்மட்தான் பண்ணியிருந்தான், அதனால வால் பக்கம் பெரும்பாலும் யாரும் தொடாம கிடந்தது. ரொம்ப நேரம் ஒண்ணும் இல்லை. 80 சதவீதம் தாண்டினதும் 'லினக்ஸ்'னு ஒரு வரி வந்து நின்னுச்சு. அந்த சூப்பர்பிளாக் நகல்களில் ஒன்று மாட்டியிருந்தது. உள்ளே போனா, அக்கா வச்ச பேரோடவே ஃபோல்டர்.

21 பதிவு முழுசா வந்துடுச்சு. ரெண்டு திறக்கலை. அதுல ஒண்ணு எந்தப் பாட்டுன்னு இன்னும் அக்காவும் அம்மாவும் சண்டை போடுவாங்க.

இப்போ நீங்க கேக்கலாம், இன்னைக்கு இதெல்லாம் யாருக்கு வேணும்னு. உங்க போனிலேயே இருக்கு. ஆண்ட்ராய்டில் சிஸ்டம் தனிப் பாகம், உங்க படமும் சாட்டும் தனிப் பாகம். 2016ல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் சிஸ்டத்தையே ஏ, பின்னு ரெண்டு பிரதியா வைக்கும் முறையும் உண்டு. ஏ ஓடிட்டிருக்கும்போதே பியில் அப்டேட் ஏறும். நடுவுல பேட்டரி செத்தாலும் பழையது அப்படியே இருக்கும். ஃபெடோரா டெஸ்க்டாப்பில் 2020லிருந்து பிடிஆர்எஃப்எஸ், அதில் ரூட்டும் ஹோமும் தனித்தனி, ஆனா இடம் பொதுவானது. குடும்பத்துல சமையல் ஒண்ணு, அறை மட்டும் வேறன்னு சொல்ற மாதிரி.

நான் என்ன பண்றேன்னு மெயில்ல கேட்டவங்களுக்கு: பூட்டுக்கு இஎஃப்ஐ பாகம் கட்டாயம், அது போக ரூட்டுக்கு 80 ஜிபி, மிச்சம் எல்லாம் ஹோம், ஸ்வாப் ஒரு ஃபைல். சிஸ்டத்தை எத்தனை தடவை வேணும்னாலும் அழிச்சுப் போடுவேன், ஹோமை ஃபார்மட் பண்ற பெட்டியில டிக் இருக்கான்னு மட்டும் மூணு தடவை பார்ப்பேன். தனி ஹோம் இருக்கேன்னு பேக்கப் எடுக்காம விட்டுடாதீங்க. டிஸ்க்கே செத்தா எல்லாப் பாகமும் சேர்ந்துதான் சாகும்.

அக்கா இப்போ குன்னூர்ல இருக்காள். போன பொங்கலுக்கு வந்தப்ப அவளோட புது லேப்டாப்ல நான்தான் இன்ஸ்டால் பண்ணிக் கொடுத்தேன். அந்த ஸ்கிரீன் வந்ததும் பக்கத்துல வந்து உட்கார்ந்துட்டாள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு லேபிள் போடலாம்னு சொன்னேன். ஹோமுக்கு அவளே டைப் பண்ணினாள், ஆங்கில எழுத்துல: பாட்டி. எந்தக் கடையில கொடுத்தாலும் பேர் தெரியணுமாம். விண்டோஸ் இன்ஸ்டாலர் அதையும் படிக்காது அக்கான்னு சொல்ல வாய் வந்துச்சு. சொல்லலை. ஒரு பேப்பர்ல எழுதி லேப்டாப் அடியில ஒட்டிக் கொடுத்துட்டேன்.